மறுமொழி: நியமனங்களில் ‘கலந்தாய்வு’ வேண்டாம், ‘உசாவல்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பொதுப் பதவிக்கு ஒருவரை நியமிக்கும் முன் சட்டமன்றத்தையோ எதிர்க்கட்சித் தலைவரையோ கேட்டாக வேண்டும் என்னும் சட்டவிதியில் வரும் ‘consultation’ என்பதற்குத் தமிழாக, இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘கலந்தாய்வு’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. சென்ற வாரம் கடலூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் ‘கலந்தாய்வுக்குப் பின் நியமிக்கப்படுவார்’ என்ற வரியைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இடமாறுதல் கலந்தாய்வா, பொறியியல் கலந்தாய்வா?” என்று கேட்டார். ‘ஆலோசனை’யும் பொருந்தாது, அமைச்சரவை ஆளுநருக்குக் கூறுவதும் ஆலோசனைதான், அதற்கு அவர் பொதுவாகக் கட்டுப்பட்டவர்.

கேட்பது வேறு, இசைவு பெறுவது வேறு. தென் அமெரிக்க நாடான கயானாவின் அரசியலமைப்பு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. அங்கே தலைமை நீதிபதியை நியமிக்க எதிர்க்கட்சித் தலைவரின் இசைவு வேண்டும். காவல் ஆணையரை நியமிக்க அவரையும் காவல் பணி ஆணையத் தலைவரையும் கேட்டால் போதும். ஆனால் அந்தக் கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்பதை 232-ஆவது உறுப்பு வரையறுக்கிறது: பொருளையும் முடிவெடுக்கக் கருதும் நாளையும் எழுத்தில் தெரிவித்து, எண்ணிப் பார்த்துக் கருத்துச் சொல்லப் போதிய வாய்ப்பளித்து, நடந்ததை எழுதிக் காப்பில் வைக்க வேண்டும். நம் நாட்டிலோ நீதிபதிகள் நியமனத்தில் 1981-இல் இசைவைக் குறிக்காது என்று உச்ச நீதிமன்றம் கொண்ட ‘consultation’ என்ற அதே சொல்லுக்கு, 1993-இல் தலைமை நீதிபதியின் கருத்தே முதன்மையானது என்ற பொருள் வந்து சேர்ந்தது.

ஆகவே ‘உசாவல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அறிவுடையோரிடம் கேட்டு எண்ணுதல் என்பது இதன் பழம்பொருள். விக்கிப்பீடியாவில் மேற்கோள் மூலங்களின் பட்டியலுக்குத் தலைப்பாக நாள்தோறும் காணும் ‘உசாத்துணை’யும் இவ்வேரிலிருந்து வந்ததே. (குறளில் ஆராய்ந்தெண்ணுதலைக் குறித்த ‘சூழ்ச்சி’யை நாம் சதிக்குக் கொடுத்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தமே.) ‘விசாரித்தல் என்றே மக்கள் கொள்வார்கள்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். வினையாக்கிப் பாருங்கள்: ‘எதிர்க்கட்சித் தலைவரை உசாவிய பின் நியமிப்பார்.’ இதில் விசாரணையின் சாயல் இல்லை. உசாவல் கடமை, உசாவல் பதிவு எனத் தொடர்களும் எளிதில் அமைகின்றன.

புதுச்சேரிக்காரனாகிய எனக்கு இது ஏட்டளவுச் சிக்கல் அன்று. எங்கள் சட்டப்பேரவையின் 3 நியமன உறுப்பினர்களை 2017-இல் புதுச்சேரி அரசைக் கேளாமலே நடுவண் அரசு நியமித்தது. 1963-ஆம் ஆண்டு ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டம் அவ்வாறு கேட்கக் கோரவில்லை என்பதால் 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தச் சட்டத்தில் என்ன இல்லை என்பதைத் தமிழில் ஒரே தொடரில் சொல்ல எனக்கு ‘உசாவல் கடமை’ வேண்டியிருக்கிறது. ‘இசைவு’, ‘பரிந்துரை’ இரண்டையும் இப்போது உள்ளபடியே வைத்துக்கொள்ளலாம்.