ஏ320 நியோவுக்குப் பான் ஆம் பெயிண்ட் அடிக்கலாமா?

மூன்றாம் இருக்கை:
இந்த வாரம் நம் விமானச் சிமுலேட்டர் மன்றத்தில் ரீபெயிண்ட் (விமானத்துக்கு வேறு நிறம் போடும் கோப்பு) பட்டியலைத் திறந்தால், ஏர்பஸ்ஸின் புது ஏ320 நியோவுக்குப் பான் ஆம், ஈஸ்டர்ன், டி.டபிள்யூ.ஏ. என்று மூடிப்போன அமெரிக்க விமான நிறுவனங்களின் நிறங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. நம் உறுப்பினர் வால்நிறம் போட்ட பான் ஆம்தான் அதில் அதிகம் பேர் பதிவிறக்கியது. வேலை சுத்தம், அதை மறுக்கவில்லை. ஆனால் பான் ஆம் மூடப்பட்டது 1991 டிசம்பரில். நியோ பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2016-ல். நடுவில் கால் நூற்றாண்டு கிடக்கிறது. அதன் கீழே "பழைய காலம் திரும்பி வந்துவிட்டது" என்று பாராட்டுகள். எந்தப் பழைய காலம்?

நான் இரண்டு வருடமாகச் சிமுலேட்டரில் பழைய மூன்று என்ஜின் போயிங் 727 மட்டும்தான் ஓட்டுகிறேன். விமானிகளுக்குப் பின்னால் மூன்றாவதாக உட்காரும் ஃப்ளைட் இன்ஜினியரின் பேனலில் ஒரு ஜெனரேட்டரை மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் அதன் அதிர்வெண்ணைத் திருகிச் சரிசெய்து, மின்னுகிற விளக்குகள் அணைகிற நேரம் பார்த்துத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். பறக்கும்போது மூன்று டாங்கிலும் எரிபொருள் சமமாக இறங்குகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்க வேண்டும். இது கைக்குப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்தக் காலத்து விமானம் என்றால் எனக்கு அந்த வேலைதான். தோலை மட்டும் உரித்து வேறொன்றின் மேல் போர்த்திவிட்டு அதை நினைவு என்று சொன்னால் ஏற்க முடியவில்லை.

வால்நிறம்:
என் பெயரைச் சொன்னதால் நானே பதில் எழுதுகிறேன். "தோல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள் நண்பரே. சன்னல் வரிசையை ஒட்டி மூக்கிலிருந்து வால் வரை ஓடுகிற அந்தப் பட்டை, சீட்லைன், அதை ஒரு முறை வரைந்து பாருங்கள். டெக்ஸ்ச்சரில், அதாவது விமானத்தின் மேல் சுற்றப்படும் படத்தில், விமான உடல் நான்கைந்து துண்டுகளாக வெட்டப்பட்டுத் தட்டையாகக் கிடக்கும். மூக்கு வளைகிற இடத்தில் நேர்கோடு நேர்கோடாகவே வராது, அதைக் கோணலாக வரைந்தால்தான் திரையில் நேராகத் தெரியும். முன்கதவு ஒரு துண்டில், அதன் சட்டம் இன்னொரு துண்டில். ஒரு பிக்சல் தவறினாலும் கதவருகே பட்டை உடைந்து நிற்கும். ஏர் இந்தியாவின் பழைய வண்ணத்தில் ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனிச் சிவப்பு வளைவு உண்டு, அதை 747-க்குப் போட்டபோது ஒரு பக்கத்துக்கே மூன்று வாரம் ஆனது. சும்மா ஒட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை இது.

அப்புறம், நிஜ நிறுவனங்களே இதைச் செய்கின்றன. 2019-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் நூற்றாண்டுக்காக ஒரு 747-400-ஐத் தன் முன்னோடி நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் நிறத்துக்கு மாற்றியது. பி.ஓ.ஏ.சி. என்ற பெயர் 1974-லேயே போய்விட்டது, 747-400 சேவைக்கு வந்ததோ 1989-ல். அந்த விமானம் இறங்கும்போது வேலியோரம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அவர்கள் கண் கலங்கினால் அது நினைவு, நாங்கள் செய்தால் போர்வையா?

பான் ஆம் 1984-ல் ஏ320 வாங்க ஆர்டரே கொடுத்திருந்தது. கைக்கு வருவதற்குள் அந்த உரிமை பிரானிஃப் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஏர்பஸ்ஸின் ஏ310 பான் ஆமிடம் நிஜமாகவே பறந்தது. ஆக நான் வரைந்தது முழுக்க ஆகாயத்தில் கட்டிய கோட்டை இல்லை, கைநழுவிப் போன ஒன்று.

கண்ணாடித்திரை:
இருவரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தக் காலம் அழகானது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு உண்டு.

முதல் தலைமுறை போயிங் 707-கள் என்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சி, கரும்புகை கக்கிக்கொண்டுதான் ஏறின. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்க இனிமையாக இருக்கலாம், ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இனிமையாக இருந்திருக்காது. நீங்கள் கொண்டாடும் அதே 727 ஒன்று 1974 டிசம்பரில் வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை நெருங்கும்போது மலையில் மோதியது. டி.டபிள்யூ.ஏ. விமானம், 92 பேர் இருந்தார்கள், யாரும் பிழைக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி பெரிய விமானங்களில் அமெரிக்காவில் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். சிமுலேட்டரில் மோதினால் மறுபடி ஏற்றிக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்றைய விமானங்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன என்று எப்போதும் ஒரு புலம்பல் வருமே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வெயிலை உள்ளே விடாது. குத்தகை விமானம் கைமாறும்போது வாலையும் பெயரையும் மாற்றினால் போதும். கார்பன் உடலைப் பளபளவென்று தேய்த்து விடவும் முடியாது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் வெற்று உலோகத் தோற்றத்தைக் கைவிட்டதற்கு கார்பன் உடல் கொண்ட போயிங் 787 வரப்போனது முக்கியமான காரணம். ரசனை இல்லாததால் யாரும் வெள்ளைக்குப் போகவில்லை.

மூன்றாம் இருக்கை:
அந்த 1974 விபத்தைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நான் 727-க்கு வந்ததே அதைப் படித்த பிறகுதான். அப்ரோச்சுக்கு (இறங்குவதற்காக ஓடுபாதையை நெருங்குவதற்கு) அனுமதி என்று தரையிலிருந்து சொன்னார்கள். இனி இறங்கலாம், உயரத்துக்குக் கட்டுப்பாட்டு அறை பொறுப்பு என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானிகளின் வேலை என்று கட்டுப்பாட்டு அறையில் நினைத்தார்கள். இதைப் பத்துத் தடவை படித்தும் எனக்கு உறைக்கவில்லை. 727-ல் மேகத்துக்குள் உட்கார்ந்து, நகரும் வரைபடம் எதுவும் இல்லாமல், தரை வானொலி நிலையத்தின் திசையைக் காட்டும் ஒரு வி.ஓ.ஆர். ஊசியையும் தூரம் காட்டும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு நான் எங்கே இருக்கிறேன் என்று மனதிலேயே வரைய வேண்டி வந்தபோது உறைத்தது. அந்தக் காலம் பத்திரமானது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எவ்வளவு கடினமானது என்று தெரிந்துகொள்ளத்தான் ஓட்டுகிறேன். நியோவில் பான் ஆம் ஒட்டினால் மறைந்துபோவது இதுதான்.

வெள்ளை பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டில் வெள்ளை கட்டாயமாகவே இருந்தது. 1996-ல் பெப்சி விளம்பரத்துக்காக ஏர் பிரான்ஸ் ஒன்றுக்கு நீலம் அடித்தபோது மாக் 2-ல் (ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில்) 20 நிமிடத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது, அடர்நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால். இதைத்தான் நானும் சொல்கிறேன். நிறம் அந்தந்த விமானத்தோடு சேர்ந்தது, கழற்றி மாட்டுகிற சட்டை இல்லை.

பழைய வரைபடம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 727-ஐ முறைப்படி ஓட்டுவதாகச் சொல்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய தரவோடு வரும் சிமுலேட்டரில் அந்தக் காலத்து வி.ஓ.ஆர்., என்.டி.பி. வானொலி வழிகாட்டி நிலையங்கள் நிறைய இல்லை, நிஜத்திலேயே மூடிவிட்டார்கள். அதனால் பலர் பேனல் ஓரத்தில் ஒரு ஜி.பி.எஸ். செருகிக்கொள்கிறார்கள். அதைவிட 747-200 நேர்மையான வழி. விமானம் எங்கே இருக்கிறது என்று தானே கணக்கிடும் அதன் ஐ.என்.எஸ். கருவியில் ஒரே நேரத்தில் ஒன்பது இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எண் எண்ணாக அடித்துவிட்டு, தாண்டத் தாண்டப் புதியதை நிரப்பிக்கொண்டே போனால் கடலைக் கடந்துவிடலாம், தரையில் எந்த நிலையமும் தேவையில்லை.

வால்நிறம்:
மூன்றாம் இருக்கை சொன்னதில் ஒன்று என்னை இரவெல்லாம் விடவில்லை. ஏர் இந்தியாவின் அந்த வளைவுகளை நியோவுக்கும் போடப் பார்த்து நான் பாதியில் விட்டது உண்மை. சன்னல் இடைவெளி வேறு, வளைவுகள் நெருங்கிப் போய் முகமே மாறிவிட்டது. அந்த வண்ணத்தை அதற்குரிய உடலில்தான் பார்க்க முடியும், சரி.

ஆனால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. பான் ஆமின் நீலப் பந்து வாலில் தனியாக நிற்கிறது, எந்த வாலிலும் நிற்கும். அதோடு, 727-ஐக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் எல்லோருக்கும் கிடைக்காது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் பறக்கிறவருக்கு அந்த நீலத்தைப் பார்ப்பதே போதுமானதாக இருக்கும், அவருடைய சந்தோஷத்தை அளக்க நாம் யார்?

பொய்யாக இருக்கக் கூடாது என்பது வரை உங்களோடு வருகிறேன். பிரானிஃப் கான்கார்டு கேட்டு எனக்கு எத்தனையோ செய்தி வந்திருக்கிறது. 1979-ல் பிரானிஃப் விமானிகள் வாஷிங்டனுக்கும் டாலஸுக்கும் இடையே கான்கார்டை ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டினார்கள், அது நடந்தது. ஆனால் அந்த நிறம் விளம்பரப் படத்தில்தான் இருந்தது, ஒரு கான்கார்டுக்கும் அடிக்கவில்லை. நேர்மாறாக, இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று ஒரு கான்கார்டு நிஜமாகவே பறந்தது. அதை நான் வரைந்து போட்டபோது ஒரு பக்கம் தவறாக வந்திருக்கிறது என்று புகார் எழுதினார்கள். கற்பனை நிஜமாகவும் நிஜம் பிழையாகவும் தெரியத் தொடங்கிவிட்டது, அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. இனி நிஜத்தில் பறக்காத எதற்கும் கோப்பின் பெயரிலேயே "கற்பனை" என்று போடுகிறேன். நியோ பான் ஆமுக்கும் இன்றே மாற்றிவிட்டேன்.

கண்ணாடித்திரை:
நேற்று இரவு 727-ஐ எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) 40, த்ராட்டில் முழுக்க இழுத்து ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்), கொஞ்சம் உயரமாக இருந்ததால் அப்படியே இறங்கலாம் என்று நினைத்தேன். இறங்கும் வேகம் கூடிக்கொண்டே போனது, த்ராட்டிலைத் தள்ளினால் என்ஜின் எழுந்து வரச் சில விநாடிகள் எடுக்கிறது, அதற்குள் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை வந்துவிட்டது. மூன்று தடவையும் அதேதான்.

மூன்றாம் இருக்கை:
1965-ல் வரிசையாக நடந்த 727 விபத்துகளில் இந்த வேகமான இறக்கம்தான் பேசப்பட்டது. ஃப்ளாப் 30 போதும், 40 வேண்டாம். 1000 அடிக்குள் வேகமும் இறக்கமும் நிலைத்திருக்க வேண்டும், ஓடுபாதைக்கு மேல் வரும் வரை த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், உயரமாக இருந்தால் சுற்றி வாருங்கள். இன்று இரவு மறுபடி பாருங்கள், நானும் ஆன்லைனில் இருப்பேன்.

வால்நிறம், பெயர் மாற்றியதற்கு நன்றி. நியோ விஷயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன், ஆனால் 727-க்குப் பான் ஆம் நிறம் எப்போதாவது போட்டால் முதலில் எனக்கு அனுப்புங்கள். நடு என்ஜினின் காற்று நுழைவாய்ப் பக்கம் பட்டை எங்கே முடிகிறது என்று பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.