எந்த மாமா? முதல் பரிசுக் கட்டுரையின் ஒரு வரி

வழக்குரை: எங்கள் பல்கலைக்கழகத்தில் குழந்தை உரிமைகள் பற்றி நடந்த கட்டுரைப் போட்டியின் முடிவு வந்துவிட்டது. முதல் பரிசுக் கட்டுரையை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: "2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிரம்பாத பிள்ளை மாமா கடையில் நின்றாலும் குற்றம்." அப்பட்டமான தப்பு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் வந்த அந்தத் திருத்தம் எல்லாத் தொழிலுக்கும் தடை போட்டது உண்மை. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்று அதே சட்டம் விலக்கும் கொடுக்கிறது. குடும்பம் என்றால் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், அப்பா கூடப்பிறந்தவர்கள், அம்மா கூடப்பிறந்தவர்கள். மாமா உள்ளே வருகிறார். சட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் எழுதியதற்கு முதல் பரிசா?

செம்பருத்தி: எழுதியவள் என் வகுப்புத் தோழி. 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது, 2009 கல்வி உரிமைச் சட்டம் என்று எட்டுப் பக்கம் உழைத்து எழுதியிருக்கிறாள். உங்கள் கண்ணுக்கு மாமா மட்டும்தான் தெரிகிறாரா? இரண்டாம் பரிசு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். வயிற்றெரிச்சலுக்குச் சட்டப் புத்தக அட்டை போடாதீர்கள்.

வழக்குரை: இரண்டாம் பரிசு எனக்குத்தான், மறைக்கவில்லை. எட்டுப் பக்கமா எண்பது பக்கமா என்பது பேச்சே இல்லை. மாமா குடும்பமா, இல்லையா?

நெல்லைக்காரன்: எந்த மாமா? தாய்மாமன் பட்டியலில் இருக்கிறார். அத்தையைக் கட்டியவரையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம், அவர் பட்டியலில் இல்லையே.

வழக்குரை: அத்தை இருக்கிறாரே. அத்தை கடை குடும்பத் தொழில்தான்.

நெல்லைக்காரன்: கடை அத்தை பேரிலா, மாமா பேரிலா?

மழைத்துளி: முதலில் குழந்தை என்றால் யார் என்று முடிவு செய்வோமா? உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்டவர் எல்லோரையும் குழந்தை என்கிறது. நம் சட்டம் 14இல் கோடு போட்டு, அதற்கு மேல் 18 வரை வளரிளம் பருவத்தினர் என்று பிரித்து, ஆபத்தான வேலைகளை மட்டும் தடுக்கிறது. இதுதானே பெரிய ஓட்டை?

வழக்குரை: அது வேறு தலைப்பு. இங்கே பேச்சு மாமாவைப் பற்றி.

கடைக்குட்டி: நான் ஆறாம் வகுப்பிலிருந்து தாய்மாமன் மளிகைக் கடையில்தான் வளர்ந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். புளி பிரித்துக் கட்ட வேண்டும், வெல்லம் உடைக்க வேண்டும். நகக்கண்ணில் புளி ஏறி எரியும். அந்தக் கையோடு வகுப்பில் எழுதினால் தாள் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் வாத்தியார் என் நோட்டைத் தூக்கி, எறும்பு ஊர்கிறது பாருங்கள் என்று வகுப்புக்கே காட்டினார். இதற்கு உதவி என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 2017 விதிகளில் இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. ஐந்தரைக்கு எந்த அதிகாரி வந்து கடிகாரம் பார்த்தார்? அந்தப் பெண் எழுதியது சரி. குற்றம்தான்.

வழக்குரை: உங்கள் கஷ்டம் புரிகிறது நண்பரே. ஆனால் குற்றமாக இருக்க வேண்டும் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. உங்கள் மாமா நேரத்தை மீறினார். மாமா என்பதால் குற்றம் ஆகிவிடாது.

கடைக்குட்டி: நேரத்தை மீறினால் விலக்கு போச்சு. அப்புறம் என்ன மிச்சம்? சொந்தம் என்பதால்தான் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. வெளியாள் கடையாக இருந்திருந்தால் அம்மாவே வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

வழக்குரை: வெளியாள் என்றால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமா வெளியாள் இல்லை. நான் முதலிலிருந்து சொல்வது இது ஒன்றுதான்.

செம்பருத்தி: போன வருடப் பேச்சுப் போட்டியில் மணி அடித்தும் மேடையை விட்டு இறங்காதவர் இன்று விதி பேசுகிறார்.

வழக்குரை: மணி எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே நடுவரிடம் சொல்லிவிட்டேன். தமிழ்த்துறைக்காரர்களுக்கு நடை அழகாக இருந்தால் போதும், சட்டம் எக்கேடு கெட்டாலும் சரி.

செம்பருத்தி: துறையை இழுக்காதீர்கள். உங்கள் கட்டுரையில் ஒற்றுப்பிழை இல்லாத பத்தி ஒன்று காட்டுங்கள், பார்க்கலாம்.

மழைத்துளி: 14ஆ 18ஆ என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

வழக்குரை: நாளைக் காலை சட்டப் பிரிவின் நகலை அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன். மாமா குடும்பம்தான்.

செம்பருத்தி: தாராளமாக ஒட்டுங்கள். கூடவே உங்கள் கட்டுரையையும் ஒட்டுங்கள். பக்க வரம்பு பத்து, நீங்கள் கொடுத்தது பதினொன்று.

வழக்குரை: பதினோராவது பக்கம் அட்டவணை. அது கணக்கில் வராது.

நெல்லைக்காரன்: சரி, எந்த மாமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.