புதுப்பிப்பு: மகளிர் நலப் பிரிவிலிருந்து வகுப்பறைக்கும்

அமெரிக்காவில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் ஃபிசிஷியன் அசிஸ்டன்டாக (மருத்துவர்களுடன் சேர்ந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தருபவர்) இருக்கும் நான், பாடம் நடத்தவும் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சரி, போய்விட்டேன். கிளினிக்கை விடவில்லை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வகுப்பு.

பெண்ணுறுப்பு, கருப்பையைச் சோதிக்கும் உள் பரிசோதனைப் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள், தங்கள் உடலிலேயே பரிசோதிக்கவிட்டு மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஸ்பெகுலம் (உள்ளே பார்ப்பதற்காகப் பெண்ணுறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) வைக்கும்போது எங்கே வலிக்கிறது, எந்தச் சொல் கூச வைக்கிறது என்று அப்போதே திருத்துகிறார்கள். பொம்மையால் இது முடியாது. தொடுமுன் சொல்லுங்கள், நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் வலியுறுத்துகிறேன்.

அப்புறம், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் சான்றிதழ் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதைத் தக்கவைக்க, பாடம் நடத்தினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 100 தொடர்கல்வி கிரெடிட் காட்டியாக வேண்டும். பாடம் நடத்தும் வேலைக்கு என் முதுகலைப் பட்டமே போதுமானதாக இருந்தது.