அப்பாக்க பழைய பொலிரோ பிக்கப்ப குடுக்கணும், எப்பிடி குடுத்தா நல்லது?

தடிக்காரன்கோணம்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கீரிப்பாறை பக்கம் தடிக்காரன்கோணம். வீட்டுல 2007 மாடல் பொலிரோ பிக்கப் ஒண்ணு நிக்குது, டிஎன் 74 வண்டி, அப்பா ஷோரூம்ல இருந்து புதுசா எடுத்தது, இன்னைக்கு வரைக்கும் ஒரே ஓனர், அப்பாவ தவிர வேற டிரைவரும் கெடையாது. ரப்பர் ஷீட்டு, ஒட்டுப்பால், வாழைக்குலை, தேங்காய், கல்யாண வீட்டுக்கு நாற்காலியும் பாத்திரமும்னு இதுல ஏத்தாத சாதனம் இல்ல. விடியக்காலம் வடசேரி சந்தைக்கு குலை ஏத்திட்டு போயி எறக்கிட்டு, திரும்பி வரும்போ யாருக்காவது சிமெண்டோ மாட்டுத் தீவனமோ ஏத்திட்டு வந்து சேருவாவ. நான் படிச்ச பீஸு, தங்கச்சிக்க கல்யாணம், வீட்டுக்கு மேல எடுத்த மாடி எல்லாம் இந்த வண்டி சம்பாதிச்சதுதான்.

2017-ல ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க பக்கம் ரப்பர் மரமெல்லாம் வேரோட சாஞ்சு ரோடு அடஞ்சு கரண்டும் இல்லாம கெடந்தோம்லா, அப்பம் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணன்மாரும் ரோட்டுல கெடந்த மரத்த அறுத்து அறுத்து வழி உண்டாக்கி இந்த வண்டிலதான் தண்ணி கேனும் அரிசியும் மேல கொண்டு போனாவ. அதுக்குப் பொறவு ஊர்ல யாருக்காவது ராத்திரி ஆஸ்பத்திரிக்கு போணும்னா வந்து கதவ தட்டுறது எங்க வீட்டுலதான், அப்பாவும் சட்டைய கையில எடுத்துட்டே எறங்கிருவாவ.

இப்பம் அப்பாக்கு முட்டு தேஞ்சு கிளட்ச் மிதிக்க ஒக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு நாகர்கோவில்ல கடை வேலை, வண்டி ஓட்டி பிழைக்கிற ஆளு இல்ல. கொஞ்ச காலமா தார்ப்பாய் போட்டு மூடி நிக்குது, ரோட்டுல ஓட தகுதின்னு குடுக்குற எஃப்சியும் இன்சூரன்சும் ரெண்டும் முடியப் போவுது. ஊர்ல சிலபேரு 15 வருஷம் தாண்டின வண்டி கண்டிப்பா ஸ்கிராப்தான்னு சொல்லுதாவ. ஒரு புரோக்கர் வந்து பாத்துட்டு குவாரிக்கு ஓட்ட ஒரு பார்ட்டி இருக்கு, ஆர்சியும் சாவியும் மட்டும் தந்தா போரும் மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்னு ஒரு ரேட்டு சொன்னாரு. அப்பா ஒண்ணும் பதில் சொல்லல. ஆனா தெனமும் காலைல எழும்பினதும் போயி தார்ப்பாய விலக்கி பானட்ட தூக்கி ஆயில் குச்சிய உருவி வேட்டி முனைல தொடச்சு, திருப்பி விட்டு எடுத்துப் பாத்து, சொருகிட்டுதான் சாயா குடிக்க வாராவ. அதப் பாத்துட்டு எனக்கு புரோக்கர்கிட்ட போன் பண்ண மனசு வரல.

விக்கலாமா, ஸ்கிராப்புக்கு குடுக்கலாமா, இல்ல அப்பாக்காக அப்பிடியே முற்றத்துல நிறுத்திரலாமா? பேப்பர் வேலை என்னெல்லாம் இருக்கு? இதே மாதிரி வண்டிய குடுத்தவங்க இருந்தா வீட்டுல எப்பிடி பேசினீங்கன்னும் சொல்லுங்க.

வடசேரி_லோடு:

தம்பி மொதல்ல அந்த 15 வருஷ கத. டெல்லி பக்கத்துலதான் 10 வருஷ டீசல் வண்டி ஓடப்படாது 15 வருஷ பெட்ரோல் வண்டி ஓடப்படாதுன்னு தடை வந்தது. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் முடிஞ்சா ஆர்சி ரினிவல் கெடையாதுன்னு சொன்னது கவர்மெண்ட் வண்டிகளுக்கு. நம்ம தனியார் வண்டி எஃப்சில பாஸ் ஆனா ஓடலாம், யாரும் புடிச்சு நொறுக்க மாட்டாவ. ஆனா செலவு இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி எஃப்சி பீஸ நல்லா கூட்டிட்டாவ, வருஷா வருஷம் காட்டணும், பசுமை வரி வேற. இன்சூரன்ஸ்ல மூணாம் நபர் பிரீமியம் மட்டுமே நம்ம பிக்கப் வகைக்கு 2022-ல 16,049 ரூபான்னு வச்சாவ, ஜிஎஸ்டி தனி. ஓடி சம்பாதிக்கிற வண்டிக்கு இது ஒரு செலவே இல்ல, முற்றத்துல நிக்குற வண்டிக்கு தண்டம்.

புரோக்கர் சொன்ன மாதிரி மட்டும் குடுத்துராதீங்க, கைய புடிச்சு சொல்லுதேன். ஆர்சியும் சாவியும் வாங்கிட்டு போவான், பேரு மாத்த மாட்டான், அவன் இன்னொருத்தனுக்கு குடுப்பான், அவன் எங்கயோ ஒருத்தன இடிப்பான், கோர்ட்டு நோட்டீஸ் உங்க அப்பாக்கு வரும். 2018-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டு, ஆர்சில யாரு பேரு இருக்கோ சட்டப்படி அவருதான் ஓனர், வண்டி நாலு கை மாறி இருந்தாலும் நஷ்ட ஈடு அவரு தலைலதான்னு. எங்க ஸ்டாண்டுல ஒரு பெரியவருக்கு அப்பிடி ஆயி வயசான காலத்துல கோர்ட்டுக்கு நடந்தாரு, பாக்கவே கஷ்டமா இருந்து.

அதனால வாங்குறவர கூட்டிட்டு போயி பேரு மாத்துற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் ஒப்பு போட்டு உங்க கையாலயே ஆர்டிஓல குடுங்க. வித்தவரு 14 நாளைக்குள்ள தெரிவிக்கணும்னு சட்டத்துல இருக்கு. லோன் போட்டு எடுத்த வண்டின்னா, லோன் எப்பவோ அடச்சு முடிச்சிருந்தாலும் ஆர்சில பேங்க் பேரு கெடக்கும், பாக்கி இல்லன்னு பேங்க்ல என்ஓசி வாங்கி ஃபார்ம் 35 குடுத்து அத எடுத்துட்டு பொறவு விலை பேசுங்க. களியக்காவிளை தாண்டி கேரளாக்கு போற வண்டின்னா ஃபார்ம் 28-ல ஆர்டிஓ என்ஓசி வேற வாங்கணும். பேரு மாறின பொறவு கவர்மெண்டுக்க பரிவாகன் சைட்டுல வண்டி நம்பர் போட்டு நீங்களே ஒரு தடவ பாத்துக்கிடுங்க. அப்பத்தான் அப்பா நிம்மதியா உறங்குவாரு.

ஸ்பானர்_தக்கலை:

நான் மெக்கானிக். விக்கலாமா ஸ்கிராப்பான்னு இங்க இருந்து யாரும் சொல்ல முடியாது, வண்டிக்க அடிச்சட்டம், அதான் சேஸிஸ், அதுதான் சொல்லணும். ஒர்க்‌ஷாப்புல அடில நின்னு பாக்குற குழி இருக்கும்லா, அந்த பிட்டுல வண்டிய ஏத்தி பின் ஸ்பிரிங் மாட்டுற எடம், நடு கிராஸ் மெம்பர், டேங்க் ஒட்டி இருக்குற எடம் எல்லாம் சின்ன சுத்தியல் வச்சு தட்டிப் பாக்க சொல்லுங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், உள்ள தின்ன இரும்பு பொத்துனு கேக்கும், தகடு தகடா உதிரவும் செய்யும். பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாலும் இந்த சத்தம் மறையாது. ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம் தின்னிருந்தா வெல்டிங் வச்சு யாருக்கும் வித்துராதீங்க, லோடோட எறக்கத்துல வரும்போ அது ஒரு உயிரு.

ஆனா உங்க ஊரு மலை பக்கம், உப்புக்காத்து இல்ல, ஏத்தினது ஷீட்டும் குலையும், உங்க அப்பா மாதிரி ஆளு அடிப்பக்கம் கழுவாம விட்டிருக்க மாட்டாரு. நல்லா இருக்கும்னுதான் தோணுது. இஞ்சின் பத்தி கவலையே வேண்டாம், டீசல நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற அந்த டிஐ இஞ்சினுக்கு கம்ப்யூட்டரும் கெடையாது சென்சாரும் கெடையாது, டீசல் பம்பும் நாசிலும் சரியா இருந்தா ஓடிட்டே இருக்கும், பேட்டரி எறங்கிட்டா எறக்கத்துல உருட்டி செகண்ட் கியர்ல விட்டா புடிச்சுக்கிடும். 2020-ல பிஎஸ் 6ன்னு புது புகை விதி வந்த பொறவு உள்ள வண்டில ஒரு லைட்டு எரிஞ்சாலும் ஸ்கேனர் இல்லாம நாங்க கை வைக்க முடியாது, மேல எஸ்டேட்டுக்குள்ள நின்னுட்டா கெட்டி இழுத்துதான் கொண்டு வரணும். அதனாலதான் மலைத் தோட்டக்காரங்க இப்பவும் பழைய டிஐ தேடி அலையுதாவ.

நிறுத்தி வைக்கிற எண்ணம் மட்டும் வேண்டாம். ஓடாம நின்னா டேங்குல தண்ணி சேரும், பிரேக் சிலிண்டர் இறுகும், ஆயில் சீல் காஞ்சு வெடிக்கும், எலி வயரிங்க தின்னும். உங்க அப்பா தெனமும் ஆயில் குச்சி பாக்குறாரு, அந்த மனுஷன் கண்ணு முன்னால அது கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போறதப் பாக்க வைக்காதீங்க.

குளச்சல்_கரை:

எங்க கத வேற, ஆனா சொல்லுதேன். எங்க அண்ணனுக்கு மீன் லோடு அடிக்க ஒரு பிக்கப் இருந்து. குளச்சல்லயும் தேங்காப்பட்டணத்துலயும் ஏலம் முடிஞ்சதும் பெட்டி ஏத்தி ஐஸ் போட்டு போவணும், ஐஸும் உப்புத் தண்ணியும் சேந்து உருகி பாடி பலகை வழியா சொட்டி சொட்டி சேஸிஸ் மேலதான் விழும், போதாததுக்கு ராத்திரி பூரா கடக்காத்து. எவ்வளவு கழுவினாலும் டீசல் அடிச்சாலும் அஞ்சாறு வருஷத்துல பாடி மாத்தணும். கடைசில மேல மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன அதே ஸ்பிரிங் ஹேங்கர் எடம்தான் போச்சு. விக்க நெறய பேரு கேட்டாவ, அண்ணன் ஒத்துக்கல, நம்ம வண்டில இன்னொருத்தன் பிள்ளை ஏறி அது ஒடிஞ்சா நான் என்ன செய்வேன்னு சொல்லிட்டாரு.

பழைய இரும்பு எடுக்குற ஆக்கர் கடைல வெறும் எடைக்கு போடாம முறையா செஞ்சோம், அரசு அனுமதி உள்ள ஸ்கிராப் சென்டர்ல குடுத்து வண்டிய ஒப்படச்சதுக்கு டெபாசிட் சர்டிபிகேட் வாங்கி ஆர்சிய கேன்சல் பண்ணினோம். 2021-ல கொண்டு வந்த விதி அது. அந்த சர்டிபிகேட்ட வச்சு புது வண்டி எடுத்தா ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் கெடையாது, லோடு வண்டிக்கு ரோடு டாக்ஸ்ல 15 சதவீதம் வரைக்கும் சலுகை குடுக்கலாம்னும் மத்திய அரசு விதில இருக்கு. புது வண்டி எடுக்காதவங்களுக்கும் முக்கியமான லாபம் ஒண்ணு உண்டு, அந்த நம்பர்ல இனி எவனும் திருட்டு வண்டி ஓட்ட முடியாது.

குடுக்குறதுக்கு முந்தின நாளு வீட்டுல எல்லாரையும் ஏத்தி முட்டம் வரைக்கும் ஒரு ரவுண்டு போனோம். அம்மா முன்னால, பிள்ளேல் எல்லாம் பின்னால நின்னுட்டு ஒரே கூச்சல். மீன் வாடை அப்பவும் போவல. திரும்பி வந்து அண்ணன் பின் டோர மட்டும் கழத்தி எடுத்தாரு, சென்டர்ல கேட்டதுக்கு அது இல்லாட்டியும் பரவாயில்ல எடைல கொறையும்னு சொன்னாவ. இப்பம் அத நாலு கல்லு மேல போட்டு வலை சரி பண்ணுற எடத்துல பெஞ்சு ஆக்கியாச்சு. தம்பி நீங்களும் அப்பாவ கேளுங்க, என்ன எடுத்து வைக்கணும்னு அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு ஸ்டேரிங்தான் தோணிச்சு, அண்ணனுக்கு பின் டோர், ஏன்னா அவரு கை தெனமும் பட்டது அதுலதான்.

தோவாளை_பூக்காரி:

நான் வண்டிக்காரி இல்ல, ஆனா எங்க வீட்டுக்காரருக்க குட்டி யானைய குடுத்தப்போ நடந்தது சொல்லுதேன். பிள்ளேல் எல்லாம் சேந்து அவருட்ட கேக்காமலே விலை பேசிட்டாவ, நல்லதுக்குதான் செஞ்சாவ, ஆனா அவரு ரெண்டு மாசம் யாருட்டயும் சரியா பேசல. பணத்துல ஒரு கொறையும் இல்ல. யாரு கைக்கு போவுதுன்னு அவருட்ட ஒரு வார்த்த கேக்கலன்னுதான் அவருக்கு வருத்தம். பூ சந்தைக்கு ராத்திரி கண்ணு முழிச்சு ஓட்டினவருலா. அதனால தம்பி, யாரு வாங்குறதுன்னு அப்பா முடிவு பண்ணட்டும். நீங்க பேப்பர பாருங்க, அவரு ஆள பாக்கட்டும்.

பேச்சிப்பாறை_தோட்டம்:

இத வாசிச்சிட்டு கேக்காம இருக்க முடியல. எங்களுக்கு பேச்சிப்பாறைக்கு மேல ரப்பரும் அன்னாசியும் இருக்கு, நாங்க தேடுறது இதே மாதிரி வண்டிதான். தோட்டத்துல இருந்து குலசேகரம் வரைக்கும்தான் ஓட்டம், ஷீட்டும் அன்னாசியும்தான் லோடு, குவாரிக்கு கண்டிப்பா போவாது. எங்க மாமாதான் ஓட்டுவாரு, நிதானமான ஆளு. தக்கலை அண்ணாச்சி சொன்ன மாதிரி பிட்டுல ஏத்தி பாப்போம், பேரு மாத்துறது எங்க செலவு, ஆர்டிஓக்கு ரெண்டு பேரும் சேந்தே போவலாம். ரெண்டு விஷயம் மட்டும் சொல்லுங்க, பம்பு எப்பம் கழத்தி செட் பண்ணினது? கியர் பாக்ஸ் தேர்டுல சத்தம் இருக்கா?

தடிக்காரன்கோணம்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க எழுதினது எல்லாத்தையும் நேத்து ராத்திரி அப்பாக்கு வாசிச்சு காட்டினேன். குவாரி பார்ட்டிக்கு இல்லன்னு அப்பாவே போன் போட்டு சொல்லிட்டாவ.

பேச்சிப்பாறை அண்ணனுக்கு, அப்பா சொன்னத அப்பிடியே எழுதுதேன்: பம்பு போன மழைக்கு முன்ன செட் பண்ணினது, பில்லு இருக்கு. தேர்டுல சத்தம் கெடையாது, ஆனா குளிர்ல காலைல செகண்டு கொஞ்சம் முரண்டு புடிக்கும், அடிச்சு போடப்படாது, கிளட்ச ரெண்டு மிதி மிதிச்சு பைய போட்டா விழும். டிரைவர் பக்க கதவ கொஞ்சம் தூக்கி சாத்தணும். ஏத்தத்துல முக்கால் டன்னுக்கு மேல ஏத்தப்படாது. மாமாவையும் கூட்டிட்டு ஞாயிற்றுக்கிழமை வாங்க, அவரு ஓட்டுறத பக்கத்துல இருந்து பாத்துட்டுதான் விலை பேசுவேன்னு சொல்லுதாவ.