பூங்கா மரங்களைச் சுற்றி மண் இறுகிவிட்டது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பகுதிப் பூங்காவைப் பராமரிக்க அக்கம்பக்கத்தினர் சிலர் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். பெரிய மரங்கள் நிறைய இருப்பது பாக்கியம்தான். ஆனால் வருடக்கணக்கில் மிதிபட்டு மண் கல்லாக இறுகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. உச்சிக் கிளைகள் காயத் தொடங்கியிருக்கின்றன. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும், கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். அதனால் மண்வெட்டியால் கொத்திவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உதிரும் இலைகளை எரிக்காமல், அடிமரத்தில் படாதபடி 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடலாம் என்பது என் எண்ணம். வேர்களைக் காயப்படுத்தாமல் மண்ணைப் பொலபொலப்பாக்க வேறு வழி உண்டா? துளையிட்டு மட்கிய உரம் நிரப்பிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், மரத்தடி வழியே குறுக்காக நடப்பவர்களை எப்படித் திருப்புவது? குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் கம்பி வேலி போட மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே வேலையைத் தொடங்க நினைக்கிறோம்.