மூக்குப்பொடி நிறத்தில் ஒரு பொட்டலம்: ஆர்ட்டீமியா பொரித்தவர்களின் அனுபவங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து:

மூன்று ஈடு ஃபைட்டர் மீன் குஞ்சுகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகுதான் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால் பக்கம் வந்தேன். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுகிறது, முட்டைகளைப் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறது, ஒன்றரை நாளில் பொரிக்கவும் வைக்கிறது. குஞ்சுகள் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டில் கிடக்கும் இரண்டு மூன்று நாளும் நமக்குக் கவலையில்லை. வயிற்றிலேயே கட்டுச்சோறு இருக்கிறது. உடம்பைக் கிடைமட்டமாக்கி நீந்தத் தொடங்கும் நாளில்தான் நம் பாடு தொடங்குகிறது. நான் வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டேன். மறுநாள் தண்ணீர் நீர்மோர் ஆகியிருந்தது. அதற்கு மறுநாள் நாற்றம். குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த ஈட்டுக்குத் தூள் தீனி தூவினேன், அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அசையாத எதையும் அந்த வயதில் அவை உணவாக மதிப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்காரரிடம் புலம்பினேன். "உயிருள்ள தீனி கொடுங்கள் தம்பி, இல்லாவிட்டால் குஞ்சு எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி 25 கிராம் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் அசல் மூக்குப்பொடி நிறம். தாத்தா என்னிடம் கேட்காமலே ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "காரமே இல்லையே, எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று கேட்டார். இறால் முட்டை என்றதும் கையை உதறிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

முதல் முறை ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போட்டு, முட்டையைத் தூவி, மூடி வைத்துவிட்டேன். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூன்றாம் நாள் கருவாட்டுப் பானை வாடை அடித்தது.

இரண்டாம் முறை கடைக்காரர் சொன்னதை அப்படியே செய்தேன். இரண்டு லிட்டர் குளிர்பானப் போத்தலின் அடியை அறுத்து, தலைகீழாக ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீர், சமையலறைத் தராசில் நிறுத்த 25 கிராம் கல்லுப்பு, சிட்டிகை சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி முட்டை. காற்றுக் குழாயின் நுனி போத்தலின் கழுத்து வரை இறங்கியிருக்க வேண்டும்; எந்த முட்டையும் அடியில் உட்கார்ந்து தூங்கக் கூடாது. பக்கத்தில் மேசை விளக்கு.

என்னிடம் தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. காய்ந்த முட்டை, காற்றுப் போன பந்து மாதிரி ஒருபக்கம் குழிந்திருந்தது. தண்ணீரில் விழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழி நிரம்பி உருண்டையாகிவிட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் ஓடு பிளந்து, அதன் கீழே மெல்லிய உறைக்குள் குஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது, குடைக்குக் கீழே ஆள் தொங்குவதுபோல. ஒரே ஒரு கண், செம்புள்ளியாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறை கிழிந்து ஒன்று துள்ளி ஓடியது.

இருபத்தாறாம் மணி நேரத்தில் காற்றை நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் வெற்று ஓடுகள் மேலே பழுப்பு ஏடாகத் திரண்டன. பொரிக்காதவை அடியில் படிந்தன. போத்தலின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நடுவில் இருந்ததெல்லாம் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு ஆரஞ்சு மேகமாக நின்றது. மெல்லிய குழாயால் அதை மட்டும் உறிஞ்சி, தாத்தாவின் பழைய வேட்டித் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டுக் குழாயில் எடுத்துப் போனேன்.

முதல் மூன்று நாளும் நுண்பாசியால் பச்சையேறிய தண்ணீரில் வளர்த்திருந்த நான்காம் ஈட்டுக் குஞ்சுகள் அவை. கண்ணிமை மயிர் அளவுதான் இருக்கும். ஒரு குஞ்சு இறாலுக்கு எதிரே வந்து நின்றது. உடம்பை ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல வளைத்தது. ஒரு கணம் அசையவில்லை. பிறகு ஒரே பாய்ச்சல்! அரை மணி நேரத்தில் தொட்டி முழுக்க ஆரஞ்சு வயிறுகள். நான் சாப்பிட மறந்துபோனேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். எனக்குப் பாதிக்குப் பாதிதான் பொரிக்கிறது. எங்கே தவறு?

மதுரையிலிருந்து:

தம்பி, பொட்டலத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். இந்த முட்டைக்கு ஈரம்தான் எமன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பாதி விழித்துவிட்டு, மேற்கொண்டு போக வழியில்லாமல் உள்ளேயே செத்துவிடும். நான் 25 கிராம், 50 கிராம் எல்லாம் வாங்குவதில்லை. அவை பெரிய டின்னிலிருந்து பிரித்துக் கட்டியவை. டின் எப்போது திறந்தது என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு டின் வாங்கி, அன்றைக்கே பங்கு போட்டு, இறுக்கமான மூடியுள்ள புட்டிகளில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவோம். எடுக்கும் கரண்டி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று வெப்பம். 26 முதல் 28 டிகிரி இருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். மார்கழியில் எனக்கு 36 மணி நேரம் ஆகிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் வைத்தவன் கதி வேறு. தண்ணீர் கொதிக்காத குறைதான், பாதி முட்டை வீண். நான் போத்தலைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தரையில் வைப்பேன்.

குமிழைப் பொடியாக்கும் காற்றுக்கல்லைக் குழாய் நுனியில் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். போடாதீர்கள். பொடிக் குமிழ் நுரை கட்டி, முட்டையைத் தூக்கிப் போத்தலின் சுவரில் அப்பிவிடும். அங்கே காய்ந்து கிடப்பது எப்படிப் பொரிக்கும்? வெறும் குழாய், பெரிய குமிழ், அதுதான் சரி.

நான் கப்பி மீன் வளர்ப்பவன். என் வருத்தமெல்லாம் வேறு. காலையில் பொரித்ததை எடுக்காமல் வேலைக்குப் போய்விட்டு இரவு வந்து எடுப்பேன். குஞ்சுகள் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் மீன்குட்டிகள் தேறவே இல்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. பிறந்த கையோடு அந்த இறாலுக்கு வாயே திறப்பதில்லை. கூடவே கொண்டுவந்த கொழுப்பில்தான் ஓடுகிறது. ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முதல் சட்டையைக் கழற்றும்போது அந்தக் கொழுப்பில் நல்ல பங்கு கரைந்துவிடும். நிறமும் வெளுக்கும். அதைப் போடுவது சக்கையைப் போடுவது மாதிரி. இப்போது பொரித்த கையோடு எடுத்துவிடும்படி நேரம் பார்த்துப் போத்தல் ஏற்றுகிறேன். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வேகம் குறைந்து ஒரு நாள் தாங்குகிறது.

மின்தடைக்கு என்னிடம் மருந்தில்லை. ஒரு முறை இரவில் நான்கு மணி நேரம் போனது. நான் சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து என் மனைவி எழுப்பிய கேள்விகளை இங்கே எழுத முடியாது.

தூத்துக்குடியிலிருந்து:

நீங்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்கும் சரக்கில் நல்ல பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பெரும் உப்பேரியிலிருந்து வருகிறது. குளிர்காலத்தை ஒட்டி முட்டைகள் ஏரியின் மேல் செம்பழுப்புக் கோடுகளாக மிதக்கும். படகில் போய் வளைத்து அள்ளுவார்கள். எங்கள் ஊர் உப்பளத்திலும் இதே இனத்தின் உறவுக்காரர்கள் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு உப்பளத் தொழில். அப்பாவோடு பாத்திக்குப் போகும்போது, தெப்பம் என்னும் நீர்த்தேக்கக் குட்டையில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகப் படுத்து நீந்தும் பூச்சிகளைக் கையில் அள்ளி விளையாடியிருக்கிறேன். விரல் நகத்தளவு நீளம், உடம்பு நெடுக இலைபோன்ற கால்கள், அலையடிப்பதுபோல அசையும். அப்போது அதற்குப் பெயர் எனக்குத் தெரியாது.

அவை தண்ணீரில் இருக்கும் பாசியைத் தின்றுவிடுவதால் உப்பு வெளுப்பாக இறங்கும், அதனால் அதை யாரும் கெடுப்பதில்லை. பூநாரைகள் வந்து மேய்வதும் அதைத்தான். எங்கள் பக்கத்து வகையில் ஒரு வேடிக்கை, ஆணே தேவையில்லை. பெண்ணே தனியாகப் பெருகிவிடும்.

பொரிக்கும் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு சங்கதி. தண்ணீர் இதமாக இருக்கும் வரையில் தாய் இறால் குஞ்சாகவே ஈனும். உப்பு ஏறி, பாத்தி வற்றப்போகிறது என்று பட்டால்தான் ஓடு போட்ட முட்டையாக இடும். அந்த முட்டை வறட்சிக்காகவே செய்தது. ஆகவே உப்பை அளவுக்கு மீறிப் போடாதீர்கள். கடல்தண்ணீரின் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் ஓட்டை உடைக்க அதற்குப் பலம் மிஞ்சும். வில்லிவாக்கத்துத் தம்பி போட்ட 25 கிராம் சரிதான்.

திருப்பூரிலிருந்து:

ஓடு நீக்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! நான் ஏஞ்சல் மீன் வளர்க்கிறேன். வெற்று ஓடு மீன்குஞ்சின் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, முட்டையின் ஓட்டையே கரைத்துவிடும் முறையில் இறங்கினேன். முட்டையை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு பிளீச்சிங் திரவத்தில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்பு சாம்பலாகும், சாம்பல் ஆரஞ்சாகும். ஆரஞ்சு வந்ததும் உடனே வடித்துக் கழுவ வேண்டும்.

சொல்லும்போது எளிது. முதல் தடவை பாத்திரம் சூடேறும் என்று எனக்குத் தெரியாது. வெளிப்புறத்தைத் தொட்டால் வெந்நீர்ச் சொம்பு! 40 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். என் முட்டைகள் அழகான ஆரஞ்சு நிறத்தில், ஒன்று பாக்கியில்லாமல் செத்திருந்தன. இப்போது பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இருத்தித்தான் கிண்டுகிறேன், அதுவும் திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு. அதோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலக்காதீர்கள், நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். கழுவிய பிறகும் மிஞ்சும் குளோரினுக்கு என் அப்பா வழி காட்டினார். அவர் புகைப்பட நிலையம் நடத்தியவர். "ஹைப்போ போடு" என்றார். இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தப் பயன்பட்ட அதே உப்புதான் வண்ணமீன் கடையில் குளோரின் நீக்கி என்ற பெயரில் விற்கிறது. அலமாரியின் மேல்தட்டில் பாதி டப்பா இன்னும் இருந்தது.

வடிகட்டும் துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பனியனில் படம் அச்சிடும் பட்டறையில் கிழிந்த திரைத்துணி கேட்டால் சும்மாவே தருவார்கள். நெருக்கமான கண்ணுள்ளதாகக் கேளுங்கள். வேட்டியைவிடச் சீக்கிரம் வடியும், குஞ்சு நூலில் சிக்காது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு செய்தும், ஓட்டோடு பொரித்துக் கவனமாகப் பிரித்ததற்கும் இதற்கும் என் ஏஞ்சல் குஞ்சுகளில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு தரம்தான் செய்கிறேன், சாயம் போன உடையில்.

மதுரையிலிருந்து மறுபடியும்:

ஹைட்ராவைச் சொல்ல மறந்துவிட்டேன். இறால் தீனி தாராளமாக விழும் தொட்டியில் கண்ணாடியில் நூல்நூலாக முளைத்தால் அது பாசி இல்லை, கை நீட்டிப் பிடிக்கும் பிராணி. இறாலையும் தின்னும், மீன்குஞ்சையும் தின்னும். எனக்கு ஒரு தொட்டியைக் கொட்டிக் கழுவ வேண்டியதாயிற்று.

வில்லிவாக்கத்திலிருந்து:

குற்றம் பொட்டலத்தில்தான், ஐயா. அடுப்பு மேடைக்கு மேலே அலமாரியில் இருந்தது. இட்லிப் பானை ஆவி நேராக அங்கேதான் போகும். புதிதாக ஒன்று வாங்கிப் புட்டியில் அடைத்துவிட்டேன். நேற்று ஏற்றிய போத்தலில் அடியில் படிந்தது ஒரு சிட்டிகைகூட இல்லை.

பொரிப்பு கூடிப்போனதால் இன்னொரு தவறும் செய்தேன். ஆரஞ்சு மேகம் முழுவதையும் ஒரே வேளையில் தொட்டியில் கொட்டிவிட்டேன். நல்ல தண்ணீரில் அவை சில மணி நேரம்தான் தாங்கும் என்பது மாலையில் தரை வெளுத்துக் கிடந்தபோதுதான் உறைத்தது. பாதித் தண்ணீர் மாற்றி, குழாயால் அடியை உறிஞ்சி, பதினொன்றரைக்குத்தான் படுத்தேன். குஞ்சுகள் ஏறக்குறைய எழுபது இருக்கின்றன. எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடுகின்றன.

தாத்தா தினமும் காலையில் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்கிறார். பூதக்கண்ணாடி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. புட்டியின் மேல் 'பொடி அல்ல' என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்.