அமுக்குவான் பேய் உங்களை அமுக்கியிருக்கிறதா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூற்பாலைக்காரன், திண்டுக்கல்

நைட் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்தால் எனக்கு இது வரும். ராத்திரியில் தூங்கும் வாரங்களில் கிட்டவே வராது. பட்டப்பகலில் மட்டும் வரும் பேய் என்பதால்தான் எனக்கே அதன்மேல் சந்தேகம்.

முழிப்பு வந்துவிடும். விடுதி அறை அப்படியே தெரியும். கொடியில் தொங்கும் லுங்கி, ஓடுகிற ஃபேன், வெளியே தண்ணீர் லாரிக்காரன் அடிக்கும் ஹாரன், எல்லாம் நிஜம். கையைத் தூக்கலாம் என்றால் வராது. பக்கத்துக் கட்டில்காரனைக் கூப்பிட நினைத்தால் சத்தம் தொண்டையைத் தாண்டாது. அப்புறம் நெஞ்சின்மேல் கனம் ஏறும். தலைமாட்டில் ஒரு ஆள் நிற்கிறான் என்று பார்க்காமலே தெரியும். திரும்பிப் பார்க்கவும் முடியாது, அதுதான் கொடுமை. திடீரென்று பட்டென விட்டுவிடும். பனியன் நனைந்து உட்கார்ந்திருப்பேன்.

மில்லில் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம். கட்டிலுக்கடியில் செருப்பும் துடைப்பமும் போடு என்கிறார் ஒருவர். திருநீறு பூசிக்கொண்டு படு என்கிறார் இன்னொருவர். படித்த சூப்பர்வைசர், "அதெல்லாம் ரத்த ஓட்டம் தடைபடுறதுப்பா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ரத்த ஓட்டம் தடைபட்டால் தலைமாட்டில் ஆள் எதற்கு வந்து நிற்கிறான்? யார் யாருக்கு வந்திருக்கிறது, எப்போது வந்தது, எப்படி விட்டது, சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்து மருமகள்

பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தபோது எனக்கு வந்தது. பச்சை உடம்புக்காரியை இரும்பில்லாமல் படுக்க விடமாட்டாள் எங்கள் பாட்டி. தலையணைக்கடியில் பாக்குவெட்டி இருந்தது. அது இருந்தும் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இரண்டு மணிக்கொரு தரம் பாலுக்கு அழும். கண்ணை மூடுவேன், எழுப்பிவிடும். அப்படியே விடியப் போகிற நேரம். கண்ணைத் திறந்தால் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி குனிந்து நிற்கிறாள். முகம் தெரியவில்லை, முக்காடு மட்டும். என்னை என்ன செய்வாளோ என்ற பயமே இல்லை. பிள்ளையைத் தொட்டுவிடுவாளோ என்றுதான் உயிர் போனது. வீடே அதிரக் கத்துகிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்புறம் சொன்னாள்: "லேசா முனகினே, தோளைத் தொட்டேன், எழுந்துட்டே." அவ்வளவுதானாம்.

பாட்டியிடம் பாக்குவெட்டி வேலை செய்யவில்லையே என்றேன். "அது இல்லாட்டி உன்னைத் தூக்கிட்டே போயிருப்பா" என்றாள். அந்த வாதத்தை இன்றுவரை யாரும் வென்றதில்லை.

வயர் ஒட்டுகிறவன், சென்னை

தூக்க ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியன். ராத்திரி முழுக்க அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். இங்கே எழுதுகிறவர்கள் உள்ளேயிருந்து பார்த்ததை நான் வெளியேயிருந்து பார்த்திருக்கிறேன்.

வருபவருக்கு மூளை அலைக்காக மண்டையில், விழி அசைவுக்காகக் கண்ணோரத்தில், தசை இறுக்கத்துக்காகத் தாடைக்கடியில் என்று வயர் ஒட்டுவோம். தூங்கி ஒன்றரை மணி நேரம் போல ஆனதும் திரை மாறும். விழிக்கோடு வெட்டி வெட்டி இழுக்கும். மூளைக்கோடு ஏறக்குறைய முழித்திருப்பவருடையதைப் போலவே வேகமாக ஓடும். தாடைக்கோடு மட்டும் அடங்கி நேர்க்கோடாகிவிடும். இதுதான் ரெம் தூக்கம், கனவுகள் கொழுத்து வரும் நேரம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ராத்திரியில் நாலைந்து தடவை வரும். விடியலை நெருங்க நெருங்க ஒவ்வொரு தடவையும் நீளும்.

தாடைக்கோடு ஏன் அடங்குகிறது? கனவில் ஓடுகிறவனின் கால் நிஜத்தில் ஓடிவிடக் கூடாது. மூளைத்தண்டிலிருந்து உத்தரவு இறங்குகிறது. கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவைக்கின்றன. பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே என்பவர் பூனைகளின் மூளைத்தண்டில் இதற்கான இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். தூக்கம் கலையாமலே பூனை எழுந்து நின்று, இல்லாத இரையின்மேல் பாய்ந்தது.

இந்தப் பூட்டு திறப்பதற்கு முன்னால் மூளை முழித்துக்கொண்டால் அதுதான் ஸ்லீப் பராலிசிஸ். சில விநாடி, மிஞ்சினால் சில நிமிடம். ஆனால் கண் தசையையும் உதரவிதானத்தையும் பூட்டு தொடுவதில்லை. அதனால் விழி சுழலும், மூச்சும் ஓடும். விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் மட்டும் ஓய்ந்து கிடக்கும். நீங்கள் பயந்துபோய் ஆழமாக இழுக்கப் பார்க்கிறீர்கள், நெஞ்சு விரிய மாட்டேன் என்கிறது. நெஞ்சின்மேல் ஏறும் கனம் இதுதான்.

சரி, தலைமாட்டு ஆள்? ரெம் தூக்கத்தில் அமிக்டலா என்ற பகுதி மும்முரமாக இருக்கும். ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. கண் திறந்த பிறகும் அது அடங்கவில்லை என்றால் பயம் முதலில் வந்துவிடுகிறது. பயப்பட ஒரு ஆளை மூளை அப்புறம் தேடுகிறது. 2006-இல் சுவிட்சர்லாந்தில் ஷஹர் ஆர்ஸியும் ஓலாஃப் பிளாங்கேயும் இருந்த குழு, வலிப்பு நோய்க்கான பரிசோதனையில் இருந்த ஒரு பெண்ணுக்கு மூளையின் இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே பின்தள்ளி, மெல்லிய மின்தூண்டல் கொடுத்தது. தனக்குப் பின்னால் ஒரு நிழல் ஆள் இருப்பதாக அவர் சொன்னார். அவர் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது. தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று மூளை கணக்குப் போடும் இடம் அது. கணக்கு பிசகினால் நம் உடம்பே இன்னொரு ஆளாகத் தெரிகிறது.

ஒருநாள் விடியற்காலை என் திரையிலேயே வந்தது. ஐடி வேலை பார்க்கும் பையன். மூளைக்கோட்டில் முழித்த ஆளின் ஆல்ஃபா அலை ஓடுகிறது. தாடைக்கோடு எழவே இல்லை. கேமராவில் பார்த்தால் கண் திறந்திருக்கிறது, விழி கதவுக்கும் கூரைக்குமாகப் போய் வருகிறது. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தாடைக்கோடு துள்ளியது. பையன் கேட்ட முதல் கேள்வி: "உள்ள வந்தது யார் சார்?" அறைக்குள் யாரும் போகவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினேன், அப்போதும் அரை மனதாகத்தான் நம்பினான்.

நூற்பாலைக்காரருக்கு: ரெம் தூக்கத்துக்கான உந்துதல் உடம்புக் கடிகாரப்படி விடியற்காலையை ஒட்டி உச்சத்தில் இருக்கும். நீங்கள் களைத்துப்போய்ப் படுப்பது அந்த உச்சம் இறங்காத நேரம். மில் சத்தமும் ஹாரனும் பாதியில் எழுப்பவும் செய்கின்றன. உங்கள் பேய் ஷிப்ட் பார்த்து வருவது அதனால்தான்.

ஓய்வு பெற்ற தாவரவியல் வாத்தியார், தஞ்சாவூர்

இத்தனை பேர் எழுதியும் புளியமரம் வரவில்லையே என்று பார்த்தேன்.

"புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும்" என்று ஊர் சொல்லும். "பேயெல்லாம் இல்லை, ராத்திரியில் மரம் கரியமில வாயு விடுகிறது, அதுதான் மூச்சு முட்டுகிறது" என்று பகுத்தறிவாளர் திருத்துவார். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். இரண்டுமே சரியில்லை. மரம் ராத்திரியில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் திறந்தவெளிக் காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான். மரம் விடுவது அதில் கலந்து காணாமல் போகும். மூச்சு முட்ட வேண்டுமென்றால் அது சதவீதக் கணக்கில் ஏற வேண்டும். நாம் வெளியே விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கரியமில வாயு. அதற்குப் பயப்படுவதென்றால் புளியமரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கும் சம்சாரத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

மரத்தடியில் ஏன் அமுக்குகிறது என்றால், அங்கே யார் படுக்கிறார்கள் பாருங்கள். காவலுக்குப் போனவன், வண்டியை அவிழ்த்துவிட்டவன். அரைத்தூக்கம், புது இடம், மல்லாந்த படுக்கை. படுக்கும் முன்பே மரத்தைப் பற்றிய கதை காதில் விழுந்திருக்கிறது. மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது என்று ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். மீதி வேலையைக் கதை பார்த்துக்கொள்ளும்.

கடல்தாண்டி, செயின்ட் ஜான்ஸ்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் படிக்கிறேன். பரீட்சை வாரத்தில் எனக்கு அமுக்கியது. வீட்டுக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் டீயைக் கலக்கிக்கொண்டே, "ஓல்டு ஹேக் வந்திருக்கிறாள்" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல. கிழவி ராத்திரியில் வந்து நெஞ்சின்மேல் உட்காருவாளாம். அமுக்கப்பட்டவரின் பெயரைப் பின்னாலிருந்து முன்னாலாகச் சொல்லிக் கூப்பிட்டால் விட்டுவிடுவாளாம். என் முழுப்பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அதை நேராகச் சொல்லவே அவருக்கு வராது.

டேவிட் ஹஃபோர்டு என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் இந்த ஊரில் இருந்தபோதுதான் இதை ஆராயத் தொடங்கினார். 1982-இல் புத்தகமாக வந்தது. கிழவி கதையைக் கேள்வியே படாதவர்களும் காலடிச் சத்தம், நெஞ்சுக் கனம், நிற்கும் உருவம் என்று அதே விவரங்களைச் சொன்னதுதான் அவரை உலுக்கியது. ஜப்பானில் இதைக் கனஷிபாரி என்கிறார்கள். மார்த்தாண்டத்து அக்கா பார்த்த கிழவியும் இங்குள்ள கிழவியும் சொந்தக்காரிகள்தான் போல.

தூங்குமூஞ்சி, மதுரை

எல்லாரும் எப்போதோ ஒரு முறை என்கிறீர்கள். எனக்கு வாரத்தில் பல நாள். அதோடு வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். சத்தமாகச் சிரித்தால் முழங்கால் துவண்டு போகும். தோழிகள் ஜோக் சொல்லும் முன் என்னை உட்கார வைப்பார்கள். வீட்டில் சோம்பேறி என்றார்கள். ஒரு டாக்டர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கடைசியில் பகல் தூக்கப் பரிசோதனை செய்தார்கள்: இரண்டு மணிக்கொரு தடவை படுக்கவைத்து எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறேன், எவ்வளவு சீக்கிரம் ரெம் வருகிறது என்று பார்ப்பது. நான் தலையணையில் தலை வைத்தவுடனே இரண்டும் வந்துவிட்டன. நார்கோலெப்சி. முழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் மூளையணுக்கள் பெருமளவு அழிந்துபோவதால் வருவது. இப்போது மருந்து சாப்பிடுகிறேன், மதியம் கணக்காகக் குட்டித்தூக்கம் போடுகிறேன். சிரித்தால் கால் துவளுகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கண்டக்டர் மகள், ஈரோடு

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். அப்பாவுக்கு உடம்பு பூட்டுவதே இல்லை. ரிட்டயர் ஆன பிறகு ஆரம்பித்தது. தூக்கத்திலேயே "இறங்குடா, டிக்கெட் இல்லாம ஏறிட்டு" என்று கத்தி, அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். எழுப்பினால் கனவை வரிசையாகச் சொல்வார்: திருடன், படிக்கட்டு, விசில். அம்மா கையில் காயம் கன்றிப்போன பிறகுதான் கூட்டிக்கொண்டு போனோம்.

டெக்னீஷியன் சொன்ன அந்தத் தாடைக்கோடு அப்பாவுக்குக் கனவு நேரத்திலும் துடித்துக்கொண்டே இருந்ததாம். ஜூவேயின் பூனை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மனிதர்களிடம் இதை 1986-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்டு குழு நோயாக விவரித்தது. மருத்துவர் அப்பாவை நடக்கவைத்தார், எழுதவைத்தார், காப்பித்தூள் மணம் தெரிகிறதா என்று கேட்டார். எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. வயதானவர்களிடம் இது பல வருடங்கள் கழித்து வரக்கூடிய பார்க்கின்சன் போன்ற நோய்களின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அப்பா நன்றாகத் தூங்குகிறார். மருந்து கொடுத்திருக்கிறார்கள், கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப்போட்டோம், பக்கத்தில் இருந்த கண்ணாடி மேசையை எடுத்தாயிற்று, அம்மா தனிக் கட்டிலில்.

நூற்பாலைக்காரன்

வயர் அண்ணா, இரண்டே கேள்வி. இதில் செத்துப்போக வாய்ப்பு உண்டா? வரும்போது என்னதான் செய்வது?

வயர் ஒட்டுகிறவன்

சாக மாட்டீர்கள். உதரவிதானம் மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. முட்டுவது போலத் தோன்றினாலும் காற்று போய்வருகிறது. நீங்கள் அபூர்வ ஆளும் இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வந்த கணக்குப்படி பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும், மாணவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்திருக்கிறது.

வரும்போது மல்லுக்கட்டாதீர்கள். கையைத் தூக்கப் போராடினால் பயம்தான் ஏறும். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், பலருக்கு அதில் விடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக இழுக்காமல் மூச்சை அதன் போக்கில் விடுங்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவையுங்கள், முனகல் கேட்டால் தோளைத் தொடட்டும். ஒருக்களித்துப் படுங்கள். ஷிப்ட் வாரத்தில் ஜன்னலுக்குக் கனமான துணி போட்டு, காதில் பஞ்சு வைத்து, தினமும் ஒரே நேரத்தில் படுத்துப் பாருங்கள்.

அடிக்கடி வந்தாலோ, பகலில் தூக்கம் தள்ளினாலோ டாக்டரிடம் போங்கள். குறட்டை உண்டா என்று கேட்பார். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கட்டில்காரரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.